பையிங் பிரிவில் இன்டர்ன்ஷிப்: ஒரு ஸ்டைலைக் கடைசி வரை பின்தொடருங்கள்

ஆடை விற்கும் நிறுவனங்களின் பையிங் பிரிவில் இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மாணவர்களிடம், “ஏன் இந்த வேலை?” என்று கேட்டால், பலர் “எனக்கு டிரெஸ்னா ரொம்பப் பிடிக்கும்” என்பார்கள். பிடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பையர் தனக்காக எதையும் எடுப்பதில்லை. வேலூரில் இருக்கும் ஒரு பெண் வரும் தீபாவளிக்கு எந்த டாப்பை, எந்த நிறத்தில், எந்த சைஸில், என்ன விலைக்கு எடுப்பார் என்று மாதக்கணக்கில் முன்னதாகவே முடிவுசெய்து, கம்பெனியின் பணத்தை அதில் போடுவது அவர் வேலை. கணிப்பு பலித்தால் சரக்கு முழு விலைக்குப் போகும். பொய்த்தால் தள்ளுபடிக் குவியலில் கிடக்கும்.

இந்த வேலையின் சிக்கல், முடிவெடுக்கும் நாளுக்கும் பில் போடும் நாளுக்கும் நடுவே உள்ள தூரம். அந்தத் தூரத்தில் சாம்பிள், விலைப் பேச்சு, ஆர்டர், உற்பத்தி, தரச் சோதனை, லாரி, கிடங்கு, கடை என்று பல கை மாறுகிறது. இன்டர்ன் பெரும்பாலும் ஏதாவது ஒரு கையில்தான் மாட்டிக்கொள்வார்: சாம்பிள் அடுக்குவது, எக்செல் நிரப்புவது, சப்ளையருக்கு போன் போடுவது. காலம் முடியும்போது, “எல்லாம் செய்தேன், எதுவும் புரியவில்லை” என்ற நிலை.

அதற்கு இந்த அத்தியாயம் சொல்லும் வழி ஒன்றுதான். சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் பிரிவில் ஒரே ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். அதற்கென ஒரு நோட்டுப் போடுங்கள். அது எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் உங்கள் கண்ணும் போகட்டும். கொடுக்கும் மற்ற வேலைகளையும் ஒழுங்காகச் செய்யுங்கள். கற்பது அந்த ஒரு ஸ்டைலின் வழியாக நடக்கட்டும்.

எங்கே சேர்வது?

தமிழ்நாட்டு மாணவருக்கு மூன்று வகையான வாசல்கள் உண்டு. மூன்றிலும் கிடைக்கும் பாடம் வேறு.

முதலாவது, நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளும் இணைய விற்பனை நிறுவனங்களும். வெஸ்ட்சைடு, ஜூடியோ கடைகளை நடத்தும் டாடா குழுமத்தின் டிரெண்ட் நிறுவனத்துக்குத் தலைமையகம் மும்பை. லைஃப்ஸ்டைல், மாக்ஸ், மிந்திரா ஆகியவற்றுக்குப் பெங்களூரு. இங்கே வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். எதை எடுப்பது என்று பார்ப்பவர் பையர். எவ்வளவு, எந்தக் கடைக்கு என்று கணக்குப் போடுபவர் பிளானர். அளவும் தரமும் பார்ப்பவர்கள் டெக்னிகல் ஆட்கள். எண்களோடு முறையாகப் பழக இதுவே நல்ல இடம்.

இரண்டாவது, நம் ஊரின் பெரிய ஜவுளிக் கடைகள். தி.நகரில் 1928இல் தொடங்கிய நல்லி, திருநெல்வேலியில் வேர்விட்ட ஆர்.எம்.கே.வி., போத்தீஸ், சென்னை சில்க்ஸ் போன்றவை இந்த வகை. 1935இல் தொடங்கிய கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸையும் இங்கே சேர்க்கலாம். குடும்பக் கடைகளில் இந்தப் பிரிவைப் ‘பர்ச்சேஸ்’ என்பார்கள். முதலாளி வீட்டுப் பெரியவரோ, பல வருடம் செக்‌ஷன் பார்த்தவரோதான் சரக்கு எடுப்பார். எழுதி வைத்த முறை குறைவாக இருக்கலாம். ஆனால் துணியைத் தொட்டு விலை சொல்லும் பழக்கத்தை இவர்களிடம்தான் கற்க முடியும்.

மூன்றாவது, திருப்பூரிலும் சென்னையிலும் உள்ள பையிங் ஏஜென்சிகள். வெளிநாட்டு பிராண்டுகளுக்காக இங்கே ஆர்டர்களை நடத்திக் கொடுப்பவை. உற்பத்தியை அருகிலிருந்து பார்க்கலாம். ஆனால் எந்த ஸ்டைலை எடுப்பது என்ற முடிவும், அது விற்றதா என்ற செய்தியும் வேறு நாட்டில் இருக்கும். சில்லறை விற்பனைக்கான பையிங்கைக் கற்க விரும்புகிறவருக்கு இது பக்கத்து வீட்டு வேலை.

பதவிப் பெயரை நம்பிச் சேர வேண்டாம். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் என்பவர் ஆர்டரை முடித்து அனுப்புகிறவர். சங்கிலிக் கடை அலுவலகத்தில் அதே பெயரில் ஸ்டாக் கணக்குப் பார்ப்பவர் இருப்பார். அதனால் நேர்முகத்தில் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

- எந்தப் பிரிவு? பெண்கள், ஆண்கள், குழந்தைகள், உள்ளாடை, வீட்டுத் துணி?
- தினமும் யாரிடம் வேலை கேட்க வேண்டும்? பையரிடமா, உதவிப் பையரிடமா?
- வாராந்திர விற்பனை அறிக்கையைப் பார்க்க அனுமதி உண்டா?
- கடைக்கும் தொழிற்சாலைக்கும் அழைத்துப் போவார்களா?
- உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில்? சான்றிதழில் பிரிவின் பெயர் வருமா?

மூன்றாவது கேள்விக்கு “இல்லை” என்று பதில் வந்தால் யோசியுங்கள். விற்பனை எண்ணைப் பார்க்காமல் பையிங் கற்க முடியாது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் கூடுதலாக வையுங்கள். அந்த நிறுவனத்தின் கடைக்கு ஒரு நடை போய், ஒரு பிரிவை மட்டும் பாருங்கள். எத்தனை ஸ்டைல் தொங்குகிறது, ஆரம்ப விலை என்ன, அதிக ஸ்டைல்கள் எந்த விலையில் இருக்கின்றன, எந்த சைஸ் தீர்ந்திருக்கிறது, அதே தெருவில் போட்டிக் கடையில் அதே பொருள் என்ன விலை என்று எழுதுங்கள். “ஃபேஷனில் பேரார்வம் உண்டு” என்ற வரியை எல்லோரும் எழுதுவார்கள். இந்தப் பக்கத்தை எழுதுகிறவர்கள் அரிது.

முதல் வேலை: சாம்பிள் ரூம்

பெரும்பாலும் உங்களை முதலில் உட்கார வைக்கும் இடம் சாம்பிள் ரூம். சலித்துக்கொள்ளாதீர்கள், ஒரு ஸ்டைல் எப்படி மாறி மாறி வளர்கிறது என்பது இங்கேதான் தெரியும். முதலில் வருவது டிசைனைக் காட்டும் சாம்பிள். அடுத்து உடலில் போட்டுப் பார்க்கும் ஃபிட் சாம்பிள். பிறகு எல்லா அளவிலும் ஒவ்வொன்று வரும் சைஸ் செட். கடைசியாக, உண்மையான துணி, உண்மையான லேபிள், பட்டனோடு வரும் பி.பி. (ப்ரீ-புரொடக்‌ஷன்) சாம்பிள். இதில் பையரோ டெக்னிகல் ஆளோ கையெழுத்திட்ட பிறகுதான் தொழிற்சாலையில் கட்டிங் தொடங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட சாம்பிள் காணாமல் போனால், பின்னால் தரத் தகராறு வரும்போது காட்டுவதற்கு ஆதாரம் இருக்காது. எனவே எந்த சாம்பிள் எந்தத் தேதியில் வந்தது, யார் எடுத்துப் போனார்கள் என்ற பதிவேடு உங்கள் பொறுப்பில் இருந்தால், அதைச் சின்ன வேலையாக நினைக்க வேண்டாம்.

இந்த அறையில் மூன்று கைப்பழக்கங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது: ஆடையைச் சுருக்கமில்லாமல் மேசையில் விரியுங்கள். இழுக்காதீர்கள். மார்பளவை அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே, ஓரத்திலிருந்து ஓரம் வரை எடுப்பது வழக்கம். உங்கள் நிறுவனத்தின் அளவுத் தாளில் எந்தப் புள்ளி என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் எவ்வளவு என்பதும் அந்தத் தாளில் இருக்கும்.

எடை பார்ப்பது: துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள், அதுதான் ஜிஎஸ்எம். வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால் வந்துவிடும். 180 என்று பேசி 165 வந்திருந்தால் உங்களுக்கு விற்றது குறைந்த துணி.

துவைத்துப் பார்ப்பது: ஆய்வக அறிக்கை வந்தாலும், ஒரு பீஸைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளவெடுங்கள். பின்னலாடை சுருங்கும் குணம் உள்ளது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

படிக்கத் தெரிய வேண்டிய எண்கள்

இனி நம் ஸ்டைலுக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம்: திருப்பூரிலிருந்து வரும் பெண்களுக்கான பருத்திப் பின்னலாடை டாப். ஸ்டைல் எண் 214. எம்ஆர்பி 599 ரூபாய். சப்ளையருக்குக் கொடுக்கும் விலை, வரி நீங்கலாக, 250 ரூபாய்.

*லாப விகிதம்.* 599இல் 250 கழித்தால் 349 என்று கணக்குப் போடுவது எல்லா மாணவர்களும் செய்வது. எம்ஆர்பிக்குள் ஜிஎஸ்டி ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாய்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் 12 சதவீதம். எனவே 599ஐ 1.05ஆல் வகுத்தால் கடைக்குக் கிடைப்பது 570.48. அதில் 250 போக மீதி 320.48. இது 56.2 சதவீதம்.

இதே டாப்பை 40 சதவீதத் தள்ளுபடியில் விற்றால்? பில் 359.40, வரி போகக் கடைக்கு 342.29, மீதி 92.29, அதாவது 27 சதவீதம். முழு விலையில் ஒரு பீஸ் தந்த பணத்தைத் தள்ளுபடியில் ஈட்ட, மூன்றரை பீஸ் விற்க வேண்டும். கடை வாடகையும் சம்பளமும் இன்னும் கழிக்கப்படவில்லை. தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதும் பையரின் முகம் ஏன் மாறுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

*விற்ற விகிதம்.* 214ஐ 40 கடைகளுக்கு, கடைக்கு 30 வீதம் 1,200 பீஸ் அனுப்பினார்கள். எட்டு வாரத்தில் 780 விற்றது. 65 சதவீதம். வாரத்துக்குச் சராசரி 97.5 பீஸ். கையிருப்பு 420. இதே வேகத்தில் போனால் இன்னும் 4.3 வாரத்துக்குச் சரக்கு இருக்கிறது. அறிக்கை இத்துடன் நின்றால், “நன்றாகப் போகிறது, காத்திருக்கலாம்” என்று தோன்றும்.

*சைஸ் வாரியாக உடைப்பது.* இங்கேதான் இன்டர்ன் பெயர் எடுக்கலாம். ஒவ்வொரு கடைக்கும் எஸ் 5, எம் 10, எல் 10, எக்ஸ்எல் 5 என்ற விகிதத்தில் போயிருக்கிறது. விற்றதைப் பிரித்துப் பாருங்கள்:

- எஸ்: வந்தது 200, விற்றது 50, மீதி 150
- எம்: வந்தது 400, விற்றது 150, மீதி 250
- எல்: வந்தது 400, விற்றது 390, மீதி 10
- எக்ஸ்எல்: வந்தது 200, விற்றது 190, மீதி 10

நான்கு வாரத்துக்குச் சரக்கு இருக்கிறது என்ற எண் பொய். பெரிய இரண்டு சைஸும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன. மீதி 420இல் 400 பீஸ் வேகமாக நகராத சைஸ். அடுத்த வாரம் விற்பனை சரியும். யாராவது “இந்த ஸ்டைல் செத்துவிட்டது, தள்ளுபடி போடுவோம்” என்பார்கள். ஸ்டைல் சாகவில்லை, அதைக் கேட்டு வந்தவருக்குச் சைஸ் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஆர்டர் போட்ட விகிதமே தவறாக இருக்கலாம். அல்லது ஆடை அளவுத் தாளைவிடச் சிறியதாகத் தைக்கப்பட்டு, எம் போடுகிறவர் எல் எடுத்திருக்கலாம். அல்லது துணி துவைத்தால் சுருங்கும் என்று பயந்து ஒரு சைஸ் கூட்டி எடுத்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. எண் கேள்வியைத்தான் கொடுக்கும். பதிலுக்குச் சாம்பிள் ரூமுக்கும் கடைக்கும் போக வேண்டும். இந்தக் கேள்வியை நோட்டில் எழுதி வையுங்கள்.

*எவ்வளவு வாங்கலாம்?* பையரிடம் பணப்பை திறந்தே இருக்காது. ஒரு மாதத்துக்கு எதிர்பார்க்கும் விற்பனை, தள்ளுபடியில் இழக்கப்போவது, மாத முடிவில் வேண்டிய ஸ்டாக் மூன்றையும் கூட்டுங்கள். மாத ஆரம்ப ஸ்டாக்கையும் ஏற்கெனவே போட்ட ஆர்டரையும் கழியுங்கள். விற்பனை 50 லட்சம், தள்ளுபடி 4 லட்சம், முடிவு ஸ்டாக் 90 லட்சம், ஆரம்ப ஸ்டாக் 80 லட்சம், வர வேண்டிய ஆர்டர் 30 லட்சம் என்றால், புதிதாக வாங்க மிச்சம் 34 லட்சம். இதைத்தான் ஓபன் டு பை என்கிறார்கள். மிக அழகான ஒரு சாம்பிளைப் பையர் ஏக்கத்தோடு திருப்பி அனுப்புவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கும்.

காலண்டரைப் பின்னாலிருந்து படியுங்கள்

பையிங் அலுவலகத்தில் இரண்டு காலண்டர்கள் ஓடும்: கடையில் நடப்பது ஒன்று, ஆர்டர் போடுவது இன்னொன்று. கடையில் ஆடி விற்பனை நடக்கும்போது, மேசையில் பொங்கல் சாம்பிள் கிடக்கலாம்.

எந்தப் பண்டிகைக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8. சரக்கு செப்டம்பர் கடைசியில் கடையில் தொங்க வேண்டும் என்றால், அம்மாத நடுவில் கிடங்குக்கு வர வேண்டும். தரச் சோதனையும் பேக்கிங்கும் அதற்கு முன். பி.பி. சாம்பிளில் ஜூலையில் கையெழுத்தானால்தான் கட்டிங்குக்கும் தையலுக்கும் நாள் கிடைக்கும். நூல், நிட்டிங், டையிங் எல்லாம் அதற்கும் முன்பு. ஆக, ஆர்டர் மே கடைசியிலோ ஜூனிலோ போயாக வேண்டும். நாட்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணும் திசை மாறாது.

கடந்த வருட எண்களோடு ஒப்பிடும்போது இன்னொரு பொறி உண்டு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அடுத்த ஆண்டில் அது 19 நாள் தள்ளிப் போகிறது. அக்டோபர் இரண்டாம் வாரத்தை அக்டோபர் இரண்டாம் வாரத்தோடு ஒப்பிட்டால் 2026 படுமோசமாகத் தெரியும். தேதியை விட்டுவிட்டு, ‘பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்’ என்று ஒப்பிடுங்கள். அப்போதும் ஒரு வித்தியாசம் நிற்கும்: நவம்பர் 8 என்றால் அக்டோபர் சம்பளம் கைக்கு வந்த ஒரே வாரத்தில் பண்டிகை. கடைசி வாரக் கூட்டம் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரம்ஜான் ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணியில் முகூர்த்தங்கள் திரும்பவும் தொடங்கும். ஜூனில் பள்ளி திறப்பு. உங்கள் பிரிவை இவற்றில் எவை அசைக்கின்றன என்று எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். அலுவலகம் மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தால் இதற்கு மதிப்பு இன்னும் கூடும். ஆடி என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

சப்ளையரிடம் பேசுவது

“ரெடியா?” என்று கேட்டால் “ரெடி” என்றே பதில் வரும். வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான தேதி கிடைக்கும். திருப்பூருக்குப் போன் போட்டால் பேச்சு இப்படிப் போகலாம்:

“அண்ணா வணக்கம், சென்னை ஆபீஸ்ல இருந்து பேசறேன். 214 பி.பி. சாம்பிள் எந்த நிலையில இருக்குதுங்க?”

“ரெடியாயிட்டே இருக்குதுங்க மேடம். நாளைக்கு அனுப்பிச்சர்றோம்.”

“சரிங்கண்ணா. துணி டையிங்ல இருந்து வந்துருச்சுங்களா?”

“அது வந்துங்க... இன்னைக்குச் சாயங்காலம் காம்பாக்டிங் முடிஞ்சு வந்துருமுங்க.”

“அப்ப கட்டிங், தையல், அயர்ன் எல்லாம் சேத்துப் பாத்தா வியாழக்கிழமை ஆயிருமுங்களா?”

“ஆமாங்க. வியாழன் ராத்திரி கூரியர் போட்டர்றோம்.”

“வியாழன்னே எழுதிக்கறேங்கண்ணா. போட்டதும் கூரியர் நம்பர வாட்ஸ்அப்ல அனுப்பி விட்ருங்க.”

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. “முடியாது” என்று பையர் அலுவலகத்திடம் சொல்வதற்கு அவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தைத் தாண்ட உதவுவது, குரலை உயர்த்தாத, வேலை தெரிந்த கேள்வி. போனை வைத்ததும், பேசியதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சில் மாறிய தேதிக்கு மெயிலில் பதிவு இல்லையென்றால், பின்னால் இரண்டு பக்கமும் சங்கடம்.

உங்களுக்கு அதிகாரம் இல்லாத எதையும் சம்மதிக்காதீர்கள். விலை, அளவு, துணி மாற்றம் பற்றிப் பேச்சு வந்தால், “பையர்கிட்டக் கேட்டுச் சொல்றேங்க” என்பது கௌரவக் குறைச்சல் அல்ல.

பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) அடிக்கும்போது

ஆர்டர் படிவத்தில் நீங்கள் நிரப்பும் ஒரு வரிதான் அங்கே கட்டிங் மேசையின் கணக்காகிறது. எம் 400, எல் 200 என்று மாறிப் போனால் அப்படியே வெட்டுவார்கள். வெட்டிய துணி திரும்பாது. எனவே அனுப்பும் முன் ஐந்தைச் சரிபாருங்கள்: ஸ்டைல் எண்ணும் நிறமும், சைஸ் விகிதமும் மொத்தமும், வரி நீங்கிய விலை, கிடங்கில் சேர வேண்டிய தேதி, ஆடைக்கான எச்எஸ்என் எண். எச்எஸ்என் பட்டியலில் பின்னலாடை 61ஆம் அத்தியாயத்தில் வரும். நெய்த துணியில் தைத்தது 62இல் வரும்.

சரக்கு வந்து சேர்ந்ததைக் கணினியில் பதிவதும் இன்டர்னிடம் வரலாம். அதைத் தள்ளிப் போடாதீர்கள். பல கம்பெனிகளில் அந்தப் பதிவு ஏறிய பிறகே சப்ளையரின் பில் கணக்குப் பிரிவுக்கு நகரும். குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். நீங்கள் மேசையில் மறந்து வைத்த ஒரு தாளால் ஒரு சிறு தொழிற்சாலையில் வாரக் கூலி தாமதமாகலாம். தேதியைத் திடீரென்று முன்னே இழுப்பதும் அப்படித்தான். அது அங்கே இரவு ஷிஃப்டாக மாறும்.

கடைக்குப் போங்கள்

சனி, ஞாயிறு மாலையில் போங்கள். வாரநாள் மதியத்தில் கடை உண்மையைச் சொல்லாது.

தொங்கும் ஆடைகளைப் பார்ப்பதற்கு முன் ட்ரையல் ரூம் வாசலில் குவியும் ஆடைகளைப் பாருங்கள். எடுத்து, போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விட்டவை அவை. பில்லிங் கணினியில் இந்தத் தகவல் ஏறுவதே இல்லை. ஒரு ஸ்டைலை யாருமே எடுக்கவில்லை என்றால் நிறத்திலோ விலையிலோ கோளாறு இருக்கலாம். நிறையப் பேர் எடுத்துப் போட்டுப் பார்த்து விட்டால், சந்தேகம் பெரும்பாலும் ஃபிட்டின் மேல்.

214 பற்றிய கேள்வியை இங்கே அவிழ்க்கலாம். செக்‌ஷனில் நிற்கும் அக்காவிடம், “இந்த டாப் எம் ஏங்க்கா நிக்குது?” என்று கேளுங்கள். “எம் போடறவங்களுக்குக் கைக்கிட்டப் பிடிக்குதுன்னு எல் கேக்கறாங்கம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடும். கடையில் மிச்சமிருக்கும் எம் பீஸ்களில் சிலவற்றை அளந்து பாருங்கள். அளவுத் தாளைவிடக் குறைவாக இருந்தால் தைத்ததில் தவறு. பேச வேண்டியது சப்ளையரிடம். தாளில் உள்ளபடியே இருந்தால் அளவுத் தாளே நம் வாடிக்கையாளருக்குப் பொருந்தவில்லை. திருத்த வேண்டியது உங்கள் அலுவலகத்தில். அளவும் சரி, யாரும் குறை சொல்லவும் இல்லை என்றால், சைஸ் விகிதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

விற்பனை ஆட்களிடம் கேட்டதை எழுதும்போது, யார் சொன்னார் என்பதையும் உங்கள் பையரிடம் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்று பார்த்துச் சேர்த்த அறிவு அது.

போட்டிக் கடைக்கும் போங்கள். படம் எடுக்கக் கூடாது என்றால் எடுக்க வேண்டாம். விலை, துணிக் கலவை, தையல் தரம், எத்தனை நிறம் என்று மனத்தில் குறித்து, வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம்.

கையைச் சுத்தமாக வைத்திருங்கள்

சப்ளையர் விலைகள், வரப்போகும் டிசைன்கள், விற்பனை எண்கள் அனைத்தும் ரகசியம். ஒரு சப்ளையரின் விலையை இன்னொருவரிடம் உளறுவது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம். இன்ஸ்டாகிராமில் சாம்பிள் ரூம் படம் போடாதீர்கள். கல்லூரி அறிக்கைக்கு எண் வேண்டும் என்றால், உண்மையான எண்களை மாற்றி, விகிதத்தை மட்டும் வைத்து, பையரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

பண்டிகை நேரத்தில் சப்ளையரிடமிருந்து பெட்டி வரும். இனிப்போ, சேலையோ, எதுவானாலும் கம்பெனியின் விதியைக் கேட்டு, மேலாளரிடம் தெரிவித்த பிறகே தொடுங்கள். அன்போடு கொடுத்ததாகவே இருக்கட்டும். அடுத்த முறை அவருடைய சாம்பிளில் குறை சொல்ல நா எழாமல் போகும்.

கடைசி அறிக்கை

“இத்தனை சாம்பிள் பதிந்தேன், இத்தனை மெயில் அனுப்பினேன்” என்ற பட்டியல் அறிக்கை ஆகாது. உங்கள் ஒரு ஸ்டைலின் நோட்டை எடுத்து, அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள். இந்த அமைப்பு போதும்:

1. கேள்வி: 214இல் எல், எக்ஸ்எல் எட்டே வாரத்தில் தீர்ந்து, எம் ஏன் தேங்கியது?
2. எண்: சைஸ் வாரியான அட்டவணை.
3. நேரில் பார்த்தது: அளவெடுத்த பீஸ்கள், ட்ரையல் ரூம், விற்பனை ஆட்கள் சொன்னது.
4. முடிவு: மூன்று காரணங்களில் எது, எதனால்.
5. பரிந்துரை: அடுத்த ஆர்டரில் என்ன மாற்றம், அதனால் எவ்வளவு ரூபாய் தள்ளுபடியிலிருந்து தப்பும்.

ஐந்தாவதில் ரூபாய்க் கணக்கு கட்டாயம். தேங்கிய 400 பீஸும் 40 சதவீதத் தள்ளுபடியில் போனால், பீஸுக்கு 228.19 வீதம் இழப்பு 91,276 ரூபாய். ஒரே ஸ்டைலில், 40 கடைகளில். இந்த எண்ணைக் காட்டி, அதற்கான காரணத்தையும் கையில் அளவு நாடாவோடு விளக்குகிற மாணவரை எந்தப் பையரும் நினைவில் வைத்திருப்பார்.

செய்து பாருங்கள்

இன்டர்ன்ஷிப் இன்னும் கிடைக்கவில்லையா? இதைச் செய்ய அடையாள அட்டை தேவையில்லை. உங்கள் ஊரில் ஒரு ஆடைக் கடையில், ஒரு பிரிவில், பத்து ஸ்டைல்களைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம், ஒவ்வொரு ஞாயிறும் போய், ஒவ்வொன்றிலும் எந்த சைஸ் இருக்கிறது, எந்த சைஸ் இல்லை, விலை மாறியதா என்று குறியுங்கள். நான்காம் வாரம், இந்தப் பத்தில் எதை மறுபடி ஆர்டர் செய்வீர்கள், எதைத் தள்ளுபடிக்கு அனுப்புவீர்கள், எதில் சைஸ் விகிதத்தை மாற்றுவீர்கள் என்று ஒரு பக்கத்தில் காரணத்தோடு எழுதுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.